மூன்று படிகளுக்கு எத்தனை அடிச் சாய்தளம்?

இந்த மாதம் கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் வடசென்னையிலிருந்து வந்தவை அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை மாற்றுத்திறனாளிகளுக்கு மாநகராட்சி என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பதைப் பற்றியவை. ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: தையற்கடை நடத்துகிறேன். இளம்பிள்ளை வாதம் வந்ததால் சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறேன். நான் அடிக்கடி செல்ல வேண்டிய ஓர் அரசு அலுவலகத்தில் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சிமென்டால் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதன் நீளம் ஆறடிதான் இருக்கும். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால்தான் ஏற முடிகிறது. இறங்கும்போதோ உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொன்னால், “அதான் சாய்தளம் இருக்கிறதே” என்கிறார்கள். இதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை உண்டா?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உண்டு. அதற்கு வேண்டிய கருவியும் உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது. அடுத்த முறை போகும்போது உங்கள் இஞ்ச் டேப்பால் அந்தப் படிகளின் மொத்த உயரத்தை அளந்துவிடுங்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் மூன்று படிகளுக்கு 45 சென்டிமீட்டர். ஓர் அளவு உயரத்துக்குப் பன்னிரண்டு அளவு நீளம் என்பதே விதி. ஆகவே அங்கே இருக்க வேண்டிய சாய்தளத்தின் நீளம் 540 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 18 அடி. இருப்பது ஆறடி என்றால், அது சாய்தளம் என்ற பெயரில் கட்டப்பட்ட சறுக்குமரம். அகலம் 120 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, மேலே ஏறியதும் நாற்காலியைத் திருப்புவதற்குச் சமதளம் இருக்கிறதா, இருபுறமும் கைப்பிடி இருக்கிறதா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மழுமழுவென்ற டைல்ஸ் பதித்திருந்தால் மழை நாளில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுமக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களையும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது அதன் 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. புதிய கட்டடமாக இருந்தால் 44-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது: இந்த அளவுகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதியும் கிடையாது, பணி நிறைவுச் சான்றும் கிடையாது. நகரில் கட்டட அனுமதி வழங்குவதில் மாநகராட்சிக்குப் பெரும் பங்கு இருப்பதால், அது தன் அலுவலகங்களுக்கு மட்டுமல்லாமல், தனியார் திருமண மண்டபம் ஒன்றின் வாசற்படிக்கும் ஓரளவு பொறுப்பாகிறது. இதை அதிகாரிகளே பல நேரங்களில் மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த அளவுகள் வெறும் பரிந்துரைகள்தானே என்று இதுநாள்வரை சாக்குச் சொல்ல இடமிருந்தது. 2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைப் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

முறையீட்டுக்கு வருவோம். அந்த அலுவலகம் மாநகராட்சியினுடையது என்றால், முதலில் 1913 என்ற எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். குப்பைத் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் உதவும் அளவுக்கு அந்த எண் சாய்தளத்துக்கு உதவுவதில்லை. சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். பதிவு செய்த புகாரை அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். நீங்கள் அளந்த அளவுகளோடும் படத்தோடும் அவர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்றால், இல்லை என்பதே தனிப் புகாராகும். அதன் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் அளிக்கும் பரிந்துரையின் மீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் தேய்மானம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் சாய்தளமும் கைப்பிடியும் கேட்க முடியுமா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேலைவாய்ப்பு, உதவித்தொகை போன்றவற்றுக்குத்தான் 40 விழுக்காடு மாற்றுத்திறன் என்ற வரம்பும் அட்டையும். பொது இடத்துச் சாய்தளத்தில் ஏற யாரும் அட்டை காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் நான். எங்கள் பகுதி நடைபாதையில் மஞ்சள் டைல்ஸ் பதித்தார்கள் என்று மகிழ்ந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நேராக ஒரு மின்பெட்டியில் போய் முட்டுகிறேன். இதற்கு யார் பொறுப்பு?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், பார்வையுள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மஞ்சள் கற்களில் இரண்டு வகை உண்டு. நீளக் கோடுகள் உள்ள கல் “இப்படியே போ” என்கிறது. புள்ளிகள் புடைத்த கல் “நில், எதிரே ஏதோ இருக்கிறது” என்கிறது. கைத்தடியின் நுனியும் உள்ளங்காலும் படிக்கும் எழுத்து அது. கோட்டுக் கல்லைக் கொண்டுபோய் மின்பெட்டியில் முடிப்பது, வழிகாட்டிப் பலகையை எழுதிக் கிணற்றங்கரையில் நட்டுவைப்பதற்கு ஒப்பாகும். கல் பதித்தவர் அதை அழகு வேலை என்று எண்ணியிருக்கிறார். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நடைபாதை மாநகராட்சியினுடையது, பெட்டி மின்வாரியத்தினுடையது, சில பெரிய சாலைகளோ நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஆகவே நீங்கள் போகும் இடமெல்லாம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். பெட்டியை நகர்த்துவது நாளாகும் வேலை. கல்லை மாற்றிப் பதித்து, தடையைச் சுற்றிப் போகும்படி வழியைத் திருப்புவது மாநகராட்சிப் பொறியாளர் தாமாகவே செய்துவிடக்கூடிய வேலை. எனவே மனுவில் முதலில் அதைக் கேளுங்கள். பெட்டியை இரண்டாவதாகக் கேளுங்கள்.

மோட்டார் வாகனமில்லாப் போக்குவரத்துக்கென்று இந்தியாவிலேயே முதன்முதலாக 2014-இல் கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னைதான். அந்தக் கொள்கையின் பலன் தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. வடசென்னையின் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிப் பலகைதான்: ஒரு வீட்டு வாசலில் ஏறும், அடுத்த கடை வாசலில் இறங்கும், பத்தடிக்கு ஒரு முறை ஆள்நுழை குழியின் மூடி ஒரு விரல் உயரம் துருத்திக்கொண்டிருக்கும். சாலை மட்டத்திலிருந்து நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவு. இரு சக்கர வாகனங்களைத் தடுக்க நடும் இரும்புத் தூண்களுக்கிடையே 90 சென்டிமீட்டராவது விட வேண்டும். அதைவிட நெருக்கமாக நட்டால் சக்கர நாற்காலிதான் முதலில் தடுக்கப்படும்.

நடைபாதைக் கடைகளை எல்லாம் அகற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை போட்டிருப்பவர்களிலும் மாற்றுத்திறனாளிகள் உண்டு. தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் இடம்பெறும் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் தர வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே சொல்கிறது. கடைக்கு ஒரு கோடு, நடப்பவருக்கு ஒரு கோடு என்று பிரித்துத் தருவதுதான் மாநகராட்சியின் வேலை.

கேள்வி: மெரினாவில் கடல் வரை மரப்பாதை போட்டார்கள். எங்கள் பக்கம் எப்போது?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தப் பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. உங்கள் பக்கத்துக் கரையின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டதால் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணலே இல்லாத இடத்தில் மரப்பாதை கேட்டுப் பயனில்லை. அதைவிட, உங்கள் வார்டுப் பூங்காவின் வாயிலில் உள்ள சுழற்கதவை அகற்றக் கேட்பது விரைவில் பலன் தரும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது, பெருமூளை வாதம். வாரியக் குடியிருப்பில் எங்களுக்கு மூன்றாம் மாடி. பயிற்சிக்கு அழைத்துப் போகும் நாளெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறேன். அவன் வளர வளர என்னால் முடியவில்லை. தாழ்தளப் பேருந்து வந்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஏற்ற முடியவில்லை. மாநகராட்சியில் மனு கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அம்மா, வீடு மாநகராட்சியின் பொறுப்பில் வராது, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று சட்டத்தின் 37-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் நீங்கள் கேட்பது புதிய வீடு அன்று, தரைத்தளத்துக்கு மாற்றம். ஆகவே மனுவில் “கருணை கூர்ந்து” என்று எழுதாமல், “சட்டப்படியான நியாயமான வசதியாக” என்று எழுதுங்கள். மகனின் மாற்றுத்திறனாளி அட்டை நகலையும், அவனால் படியேற இயலாது என்று மருத்துவர் எழுதிய குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வீடு மாறும் வரை மாடிப்படிக்கு இருபுறமும் கைப்பிடி கேட்பதையும் அதே மனுவில் எழுதிவிடலாம்.

பேருந்து விஷயம் வேறு. உங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் சாய்பலகை உண்டு; சக்கர நாற்காலியை நிறுத்த இடமும் உண்டு. பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தினுடையது என்றாலும், அது வந்து நிற்கும் நிழற்குடையும் நடைபாதையும் மாநகராட்சியின் பொறுப்பு. நிறுத்தத்தின் எதிரே ஆட்டோக்களும் தள்ளுவண்டியும் நிற்பதால் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. அங்கே பலகையை இறக்கினால் அது சாலை வரை செங்குத்தாகச் சரிகிறது. நடைபாதையை ஒட்டி நின்றால் அதே பலகை ஏறத்தாழச் சமமாக அமரும். ஆகவே எந்த நிறுத்தம், எந்த நேரம், எதனால் பேருந்து ஓரத்தில் நிற்க முடியவில்லை என்பதைக் குறித்து மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு நகல் போக்குவரத்துக் கழகத்துக்கும், ஒரு நகல் போக்குவரத்துக் காவலுக்கும் போகட்டும். மகனின் பயிற்சிக்கு, உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மையம் உங்களுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் பதவி என்கிறார்களே, அதனால் தெருவுக்கு என்ன வரும்?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 200 வார்டுகள் கொண்ட மாநகராட்சியில் ஓரிருவர் எல்லாத் தெருவையும் பார்த்துவிட முடியாது. அவர்களுக்குத் தெருவின் செய்தி போய்ச் சேர வேண்டிய இடம், 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும், வார்டு மக்கள் தம் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம். அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். அது நடக்கும் கட்டடத்துக்கு எத்தனை படி என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.