வெள்ளத்துல இடம் கொடுத்தேன், இப்போ காலி பண்ண மாட்டேங்கறாங்க, பூட்ட மாத்திடலாமா?

தென்னாப்பிரிக்கால டர்பனுக்குப் பக்கத்துல இருக்கற டோங்காட்ல இருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல ஆத்தோரமா தகரக் கொட்டகை போட்டு இருந்த ஒரு குடும்பம் எல்லாத்தையும் இழந்து நின்னப்போ, கோயில்ல பழகின பழக்கத்துக்காக தன் வீட்டுக்குப் பின்னாடி தனியா இருக்கற சின்னக் கட்டடத்த, அதான் அவுட்பில்டிங்க, திறந்து விட்டிருக்காரு. முனிசிபாலிட்டி வீடு கொடுத்ததும் போயிடுவோம், ரெண்டே மாசம்னு சொன்னாங்களாம். எழுத்துல ஒண்ணும் இல்ல. இப்போ வருஷக்கணக்காயிடுச்சு. புருஷன் போன வருஷம் விட்டுட்டுப் போயிட்டான், அந்தம்மா, மூணு பிள்ளைங்க, வயசான மாமியார் இருக்காங்க. லைட்டு தண்ணிக்குன்னு மாசம் 1,500 ராண்ட் கொடுக்கணும், சில மாசம் வருது, சில மாசம் வரல. அண்ணன் மகனுக்குக் கல்யாணம், இடம் வேணும், கேட்டா சண்டை. தைப்பூசத்துக்கு அவங்க காவடி பாக்கப் போற அன்னைக்கு சாமான எடுத்து வெளிய வச்சுட்டு பூட்ட மாத்த ஆள் பேசியாச்சாம், என் வீடு என் பூட்டு, இதுல சட்டப்படி ஏதாச்சும் தப்பிருக்கான்னு கேக்கறாரு.

இருக்குண்ணே. பெரிய தப்பு. ஜெயில் வரைக்கும் போகக்கூடிய தப்பு.

உங்க லெட்டர்ல முக்கால்வாசி அவங்க நன்றி மறந்தத பத்திதான் இருக்கு. சாமி முன்னாடி சொன்ன வாக்கு, வெள்ளத்துக்கு அப்புறம் டோங்காட்ல குழாய்ல தண்ணியே வராம ஊரே டேங்கர் லாரிக்கு நின்னப்போ நீங்க உங்க வீட்டு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணி டேங்க்ல இருந்து வாளி வாளியா கொடுத்தது, அந்தம்மா உங்க வீட்டுக்காரங்கள எடுத்தெறிஞ்சு பேசினது. எல்லாம் நம்பறேன், மனசு வலிக்கும்தான். ஆனா கேஸ்ல இதுக்கு ஒரு வரி இடம் கூட கிடையாது. சட்டத்துக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த அவுட்பில்டிங் இப்போ அவங்க குடியிருக்கற வீடு. சொத்துப் பத்திரம் உங்க பேர்ல இருக்கு, அத யாரும் மறுக்கல, ஆனா அவங்க ராத்திரி படுத்துத் தூங்கற இடம் அதுதான். அரசியல் சட்டம் 26(3) கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையும் அவங்க குடியிருக்கற வீட்ட விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு சொல்லுது, அதுக்காகவே 1998ல 19ம் நம்பர் சட்டம் வந்துச்சு, வக்கீலுங்க நாங்க பை ஆக்ட்னு (PIE) சொல்றது அததான். அது ஆத்தோரம் கொட்டகை போட்டவங்களுக்குத்தானேன்னு கேப்பீங்க, இல்ல, முதல்ல சம்மதத்தோட வந்து அப்புறம் போக மாட்டேன்னு உக்காந்தவங்களுக்கும் பொருந்தும்னு அப்பீல் கோர்ட் 2002லயே சொல்லிடுச்சு. அந்தச் சட்டத்துல 8ம் பிரிவப் பாருங்க, ஆர்டர் இல்லாம வெளியேத்தினா அபராதம் இல்லன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை.

ஜெயில கூட விடுங்க, அது வரைக்கும் போறது கம்மி. நான் பாத்த கட்சிக்காரங்க மாட்டிக்கறது வேற இடத்துல. நீங்க பூட்ட மாத்தின அன்னைக்கே அவங்க லீகல் எய்ட் (இலவச சட்ட உதவி) வக்கீலோட கோர்ட்டுக்குப் போவாங்க, அவசர மனு, அங்க சொத்து யாரோடதுன்னு கேக்கவே மாட்டாங்க. நேத்து வரைக்கும் கைவசம் வச்சிருந்தது யாரு, ஆர்டர் இல்லாம பிடுங்கினது யாரு, இந்த ரெண்டு கேள்விதான். ரெண்டுக்கும் பதில் உங்களுக்கு எதிரா இருக்கு. அவங்கள திரும்ப உள்ள விடுன்னு ஆர்டர் வரும், செலவும் உங்க தலைல விழும், கோர்ட் ஆர்டர நிறைவேத்தற ஷெரிஃப் வந்து நிக்கறப்போ தெருவே வேடிக்கை பாக்கும்.

அதோட முடிஞ்சா பரவால்ல. பீனிக்ஸ் பக்கம் ஒருத்தர் ரிப்பேர்னு சொல்லி அவுட்பில்டிங் கூரைத் தகரத்த கழட்டிப் போட்டாரு, மழை கொட்டுச்சு, உள்ள இருந்தவங்க போன்ல படம் எடுத்தாங்க, நனைஞ்சு ஊறின மெத்தை, கயித்துல தொங்கற பிள்ளைங்க ஸ்கூல் சட்டை, தரைல உப்பிப் போன நோட்டுப்புக். பல மாசம் கழிச்சு அவரு ஒழுங்கா எவிக்ஷன் மனு, அதான் வெளியேத்தற மனு, போட்டப்போ எதிர்த்தரப்பு அஃபிடவிட்ல முதல் இணைப்பே அந்தப் படங்கதான். வெளியேத்தறது நியாயமா இல்லையா, எந்தத் தேதிக்குள்ளன்னு முடிவு பண்றது ஜட்ஜ் கைல இருக்கு, அந்தப் படங்களப் பாத்துட்டு அவரு யார் பக்கம் இரக்கப்படுவாரு சொல்லுங்க. ப்ரீபெய்ட் மீட்டர அணைக்கறது, தண்ணிக் குழாய மூடறது, குப்பைய வாசல்ல கொட்டறது எல்லாமே இதே கணக்குதான். போலீஸ்ல அத்துமீறி நுழைஞ்சாங்கன்னு டிரெஸ்பாஸ் கேஸ் கொடுக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க, நீங்களே உள்ள விட்ட ஆள் மேல அது நிக்காது, அலையாதீங்க.

இன்னொரு கண்ணிய நீங்களே வச்சுக்கிட்டிருக்கீங்க, அந்த 1,500. உங்களுக்கு அது லைட்டு தண்ணிக் காசு, அவங்க வக்கீலுக்கு அது வாடகை. எழுத்துல இல்லாத வாடகை ஒப்பந்தமும் இந்த நாட்ல செல்லும், அப்புறம் வாடகைத் தகராறு பாக்கற டிரிபியூனல், அங்க ஒரு சுத்துன்னு இழுக்கும். அதவிட மோசம், போ போன்னு சொல்லிட்டு அடுத்த மாசம் காச வாங்கினீங்கன்னா சம்மதம் இன்னும் இருக்குன்னு ஆயிடும், சம்மதம் இருக்கற வரைக்கும் அவங்க சட்டவிரோதமா இல்ல, உங்க மனுவே நிக்காது. வாயால சொன்னத கோர்ட்ல நிரூபிக்கறது கஷ்டம். சம்மதத்த ரத்து பண்றேன்னு தேதி போட்டு எழுத்துல கொடுங்க, கொடுத்த கெடு முடிஞ்சப்புறம் ஒரு சென்ட் வாங்காதீங்க, கெடு முடிஞ்ச நாள்ல இருந்து ஆறு மாசம் தாண்டறதுக்குள்ள மனு போடுங்க, தாண்டிட்டா மாற்று இடம் இருக்கான்னு கோர்ட் கட்டாயம் பாக்கணும், சுமை கூடும். மத்த நடைமுறைய உங்க வக்கீல் பாத்துப்பாரு, விசாரணைக்கு முன்னாடி கொடுக்கற 14 நாள் நோட்டீஸ முனிசிபாலிட்டிக்கும் சேத்துக் கொடுக்கணும்ங்கறத மட்டும் மறக்காம பாத்துக்கட்டும்.

புருஷன் ஓடிட்டான், மாமியாருக்கு நடக்க முடியல, பிள்ளைங்க மூணு பேரு, சம்பாதிக்க ஆள் இல்ல, அதனால காசு வராதுன்னு குறையா எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரி ஒவ்வொண்ணும் அவங்க பக்கத்து வாதம்ணே. முதியவங்க, குழந்தைங்க, ஊனமுள்ளவங்க, பெண் தலைமைல இருக்கற குடும்பம், இவங்க தேவையப் பாக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. வெளியேத்தினா தெருவுல நிப்பாங்கன்னா தற்காலிக இடத்துக்கு முனிசிபாலிட்டிதான் வழி பண்ணணும்னு 2011ல ப்ளூ மூன்லைட் கேஸ்ல அரசியல் சட்டக் கோர்ட் சொல்லிடுச்சு, அதுவரைக்கும் சொத்துக்காரங்க கொஞ்சம் பொறுக்க வேண்டி வரும்னும் சொல்லிடுச்சு. நம்ம ஈதேக்வினி (டர்பன்) முனிசிபாலிட்டில வெள்ளத்துல வீடு போனவங்களே வருஷக்கணக்கா காத்துக் கெடந்தத நீங்களே பாத்தீங்க. கேஸ் கடைசில நீங்கதான் ஜெயிப்பீங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா கல்யாணத்துக்குள்ளயான்னு கேட்டா நிச்சயமா வாக்கு கொடுக்க முடியாது.

அதனால நேராவே சொல்றேன், காசு கொடுத்து அனுப்புங்க. கோவம் வரும், இத்தனை வருஷம் சும்மா இருந்தவங்களுக்கு நான் எதுக்கு கொடுக்கணும்னு. எதிர்த்து நடக்கற எவிக்ஷன் கேஸுக்கு வக்கீலுக்கும் ஷெரிஃபுக்கும் கொடுக்கறதுல ஒரு பங்குதான் ஆகும், வெருலம்லயோ பீனிக்ஸ்லயோ ஒரு ரூமுக்கு டெபாசிட், முதல் மாச வாடகை, சாமான் ஏத்த ஒரு பக்கி, அதான் பின்னாடி திறந்த சின்ன வண்டி, அவ்வளவுதான். கோயில் கமிட்டில ரெண்டு தரப்புக்கும் வேண்டிய ஒரு பெரியவர நடுவுல உக்கார வைங்க, அந்தம்மாவும் பயத்துலதான் சண்டை போடறாங்க, பிள்ளைங்க ஸ்கூல் மாறக்கூடாதுன்னு நினைப்பாங்க, ஸ்கூலுக்குப் பக்கத்துலயே இடம் பாத்துக் கொடுத்தா பாதிப் பிரச்சனை தீரும். பள்ளி வருஷம் முடியற டிசம்பர கெடுவா வைங்க.

ஆனா காலி பண்றேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. 2017ல பெரியா கேஸ்ல குடியிருந்தவங்க சம்மதத்தோட வந்த எவிக்ஷன் ஆர்டரையே அரசியல் சட்டக் கோர்ட் தூக்கிப் போட்டுச்சு, தங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரிஞ்சு சம்மதிச்சாங்களான்னு கோர்ட் விசாரிக்கலன்னு. அதனால அந்தம்மாவ லீகல் எய்ட்ல போய் கேட்டுட்டு வரச் சொல்லுங்க, பயப்படாதீங்க, அது உங்களுக்கும் பாதுகாப்பு, அப்புறம் ஒப்பந்தத்த கோர்ட் ஆர்டரா ஆக்கிக்கோங்க. டெபாசிட்ட புது வீட்டுக்காரருக்கு நேரா கட்டுங்க, மிச்சத்த அவுட்பில்டிங் காலியாகி சாவி கைக்கு வந்த அன்னைக்கு கொடுங்க, முன்னாடியே மொத்தமா கொடுத்து காசும் போய் ஆளும் போகாம உக்காந்திருக்கறவங்க எங்கிட்ட நிறைய பேர் வராங்க.