காப்பர் பெப்டைட் சீரம் மட்டும் தடவினால் முடி அடர்த்தியாகுமா?

கேள்வி: வயது 29, ஊர் மதுரை. உச்சியில் முடி மெலிந்துகொண்டே போகிறது. தலையில் தடவும் முடி வளர்ச்சி மருந்தான மினாக்சிடிலுக்குப் பதிலாகக் காப்பர் பெப்டைட் சீரம் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. பரம்பரைச் சொட்டைக்கு உறுதியான ஆதாரம் உள்ளவை மினாக்சிடிலும், ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரையும்தான். காப்பர் பெப்டைட் அவற்றுக்குத் துணை. சீரம்களில் பெரும்பாலும் இருப்பது ஜிஎச்கே என்ற பெப்டைட். அமெரிக்க உயிர்வேதியியலாளர் லோரன் பிக்கார்ட் 1973-இல் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்டறிந்தது: மூன்று அமினோ அமிலங்கள் ஒரு செம்பு அயனியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதன் நெருங்கிய உறவான ஏஎச்கே, ஆய்வகத்தில் மயிர்க்கால் வளர்ச்சியைத் தூண்டியிருக்கிறது. மனிதத் தலையில் நடந்த தரமான ஆய்வுகள் குறைவு. செம்புச் சொம்பில் ஊறவைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வாங்கியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் எண்ணெயால். இது நீரில் கரையும் பொருள், தோலின் மேலடுக்கைத் தாண்டுவதே சிரமம். அதன்மேல் தேங்காய் எண்ணெயும் இருந்தால் சீரம் வழிந்து தலையணைக்குத்தான் போகும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால், சீயக்காயும் திப்பியும் போக அலசி, தலை முழுக்கக் காய்ந்தபின் தடவுங்கள். முடியில் தடவிப் பயனில்லை. மெலிந்த இடத்தில் விரலகலத்துக்கு ஒரு வகிடு எடுத்து, தோலில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல்நுனியால் பரப்புங்கள். ஒரு வேளைக்கு 1 மில்லி தாராளம். மினாக்சிடிலும் போடுபவர் அதை முதலில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு இதைப் போடலாம்.

அடுத்த எதிரி வெயில். சித்திரையில் நம்மூரில் 40 டிகிரி தாண்டும்போது பார்சல் வண்டிப் பெட்டியில் சீரம் நாளெல்லாம் வேகும். நல்ல சீரம் சாயம் சேர்க்காமலே நீலமாக இருக்கும். வந்தவுடன் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் வேண்டாம். வைட்டமின் சி சீரம், சாலிசிலிக் போன்ற அமிலக் கலவை எதையும் அதே வேளையில் போடாதீர்கள். பெப்டைடின் பிடியிலிருந்து செம்பு கழன்றுவிடும். பொட்டலத்தில் இடிடிஏ (உலோகத்தைப் பிடித்திழுக்கும் வேதிப்பொருள்) என்று இருந்தாலும் அதே கதை.

டெர்மா ரோலரால் (நுண்ணூசிகள் பதித்த உருளை) குத்திய கையோடு இதை ஊற்றுவது ஆபத்து. தோலின் மேல் போடத் தயாரித்த சீரம் கிருமி நீக்கியதாக இருக்காது, தலையில் சீழ் பிடிக்கலாம். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதி விற்கும் பெப்டைட் தூளைக் கரைத்து ஊசி போடுவது அதைவிட மோசம். வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பலன் தெரிய 4 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் ஓரத்தில், காய்ந்த தலையோடு உச்சியைப் படம் எடுங்கள். கண்ணாடியை நம்பாதீர்கள்.

காசு செலவழிக்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு பார்த்துவிடுங்கள். டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது தானாகவே அடங்கும், அதற்குச் சீரம் தேவையில்லை. வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோல் எரிந்து செதில் உதிர்ந்தாலோ பெரியாஸ்பத்திரி தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள்.