சாமி இல்லாம நியாயம் நிக்குமா?

கேள்வி: என் பையனுக்கு கடவுள் நம்பிக்கை கிடையாது. மனுஷங்க எத விரும்புறாங்களோ அதுதான் நல்லது, விரும்பாதது கெட்டதுங்குறான். அப்ப ஊர்ல முக்காவாசிப் பேர் விரும்பிட்டா எதுவும் நியாயமாயிடுமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்க பயம் நியாயமானதுதாங்க. இப்ப கேரளாவுல இருக்குற வைக்கத்துல மகாதேவர் கோயில சுத்தியிருந்த தெருவுல, தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கிவச்சிருந்த ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாதுன்னு இருந்துச்சு, கோயிலுக்குள்ள கூட இல்ல, வெறும் தெருவுல. 1924ல சத்தியாகிரகம் ஆரம்பிச்சு நம்ம பெரியாரும் அங்க போய் ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போனாரு, ஒரு சத்தியாகிரகி கண்ணுல சுண்ணாம்ப அப்பினாங்க. 1925 பிப்ரவரில தெருவத் திறக்கணும்னு திருவிதாங்கூர் சட்டசபைல தீர்மானம் வந்து 22க்கு 21ன்னு தோத்துப்போச்சு. அந்த ஒரு ஓட்டு மாறியிருந்தா தடை அநியாயம், மாறாததால நியாயம்னு யாராவது சொல்ல முடியுமா?

ஆனா சாமிய வச்சா மட்டும் தீர்ந்துடுச்சா? அடுத்த மாசம் காந்தி போய் பேசினப்ப அங்கிருந்த நம்பூதிரிங்க சொன்ன பதில், தெருவுல நடக்க முடியாதது அந்த ஜனங்களோட முற்பிறவி கர்மா, அனுபவிக்கிறாங்கன்னு. மனசார நம்பித்தான் சொன்னாங்க. தெருவுல உக்காந்து அடிவாங்கினவங்கள்லயும் பக்திமான்கள் நெறையப் பேர். ரெண்டு பக்கமும் சாமி இருக்கும்போது எது சரின்னு பாக்க வேற ஏதோ ஒன்னு தேவப்படுதுல்ல.

அது விருப்பம்தான்னு நானும் நெனைக்கிறேன், ஆனா தலைய எண்ணுறது இல்ல. காந்தி வச்ச யோசனைல ஒன்னு ஓட்டெடுப்பு, அதுலயும் ஓட்டு சாதி இந்துக்களுக்கு மட்டும்தான், அதுக்கும் அந்த நம்பூதிரிங்க ஒத்துக்கல. எவன நடக்கவிடலயோ அவனுக்கு அந்த ஓட்டெடுப்புல இடமே இல்ல பாருங்க, எனக்கு அங்கதான் மனசு ஆறவே இல்ல. ஒருத்தன் தன் கால் எங்க போகணும்னு விரும்புறான், இன்னொருத்தன் அடுத்தவன் கால் எங்க போகக்கூடாதுன்னு விரும்புறான், இந்த ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு எடபோடுறதுதான் தப்பு. இடத்த மாத்தி நிக்கவச்சா அந்த 22 பேர்ல ஒருத்தராவது அந்தத் தடைய விரும்பியிருப்பாரா? அப்படி மாத்திப் பாத்தும் நிக்குற விருப்பத்து மேலதான் நியாயத்தக் கட்ட முடியும், இதுக்கு சாமி வேணும்னு இல்ல, சாமி கும்பிடுறவங்களும் இதச் செய்யலாம்.

ஒன்னு மட்டும் பாக்கி. அடுத்தவன் இடத்துல நான் எதுக்கு நின்னு பாக்கணும்னு ஒருத்தன் கேட்டா, பதிலுக்கு வாதம் பண்ணி அவன ஜெயிக்க முடியாது. உங்க பையன்கிட்ட இந்தக் கேள்வியக் கேளுங்க, பெரும்பான்மைங்குறத விட இதுதான் அவன் யோசிக்கவேண்டிய கஷ்டமான கேள்வி.