ரீஃபேக்டரிங் ஸ்பெக்: திட்டமிடும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆர்டர் பகுதியின் பழைய நிரலை ரீஃபேக்டர் செய்ய எட்டுப் பக்க ஸ்பெக் (என்ன, எப்படி மாற்றுவது என்ற விவர ஆவணம்) வந்திருக்கிறது. திட்டமிடல் கூட்டத்துக்கு முன் அது தேறுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 'மாறாதவை' என்றொரு பகுதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் மீதியைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளியே தெரியும் நடத்தை அப்படியே இருக்க, உள்ளமைப்பை மட்டும் மாற்றுவதுதான் ரீஃபேக்டரிங். பல ஸ்பெக்குகளோ எந்த கிளாஸ் எங்கே போகும் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, "தற்போதைய செயல்பாடு பாதிக்கப்படக் கூடாது" என்ற ஒரே வரியில் மற்றதை முடித்துவிடும். அந்த வரியை எந்த டெஸ்ட்டாலும் சோதிக்க முடியாது.

பெயர் சொல்லிப் பட்டியலிடச் சொல்லுங்கள்: ஏபிஐ (மற்ற நிரல்கள் இதை அழைக்கும் வழி) தரும் புலங்கள், எரர் குறியீடுகள், முடிவுகள் வரும் வரிசை, தொகையை ரவுண்ட் செய்யும் முறை, எந்த ஈவென்ட் எதற்கு முன் போகிறது என்பது. மதிப்பில்லாத புலம் காலியாக வருமா, பதிலிலேயே இல்லாமல் போகுமா என்பதுவரை வேண்டும். எல்லோரும் மறப்பது லாக் (நிரல் ஓடும்போது எழுதும் பதிவு) வரியின் வடிவத்தை. அதைத் தேடித்தான் பல அலர்ட்டுகள் ஓடுகின்றன. ஒரு சொல் மாறினால் டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், அலர்ட் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

ஏற்கெனவே தெரிந்த பிழைகளை என்ன செய்வது என்றும் ஸ்பெக் சொல்ல வேண்டும். அவற்றைத் தனி டிக்கெட்டாகப் பிரிப்பதே நல்லது. கூடவே திருத்தினால், வெளியீடு மாறும்போது அது திருத்தத்தால் வந்ததா, உடைந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது.

கேள்வி: நோக்கம் என்ற இடத்தில் "நிரலின் தரத்தை உயர்த்துதல்" என்று இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. இன்றைய அளவு, இலக்கு, அளக்கும் கருவி மூன்றும் வேண்டும். "விலைக் கணக்கீட்டு ஃபங்ஷனின் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி இன்று 34, இலக்கு 10" என்றால் சரிபார்க்கலாம். ஃபங்ஷனுக்குள் பிரியும் தனித்தனி வழிகளை எண்ணும் இந்த அளவை 1976இல் முன்வைத்த மெக்கேப் சொன்ன வரம்பும் 10தான். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஃபங்ஷனை எட்டாக வெட்டி, எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கும் அதே ஃபிளாக்குகளை எட்டுக்கும் அனுப்பினால் எண் இறங்கும், சிக்கல் அப்படியே இருக்கும். "புதிய தள்ளுபடி வகை சேர்க்க இன்று 7 ஃபைல்களைத் தொடுகிறோம், இனி 2" என்பது இதைவிட நேர்மையான இலக்கு.

வேகத்துக்கும் ஒரு வரம்பு எழுதச் சொல்லுங்கள். பிரித்தெடுத்த மெத்தட் லூப்புக்குள் போய் உட்கார்ந்தால், ஒரே டேட்டாபேஸ் குவெரி 200 குவெரியாகிவிடும்.

கேள்வி: டெஸ்ட் கவரேஜ் 80 சதவீதம். பயமில்லாமல் தொடங்கலாமா?

பதில்: அது முழு நிரலுக்கான சராசரி. தொடப்போகும் ஃபைல்களின் கவரேஜைத் தனியாகக் கேளுங்கள். கவரேஜ் சொல்வது டெஸ்ட்டின்போது ஒரு வரி ஓடியதா என்பதை மட்டுமே. விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதை அது சொல்லாது. நிரலில் ஒரு நிபந்தனையில் 'பெரியது' என்ற ஒப்பீட்டை 'பெரியது அல்லது சமம்' என்று மாற்றுங்கள். இப்படி ஐந்தாறு இடங்களில் வேண்டுமென்றே உடைத்து டெஸ்ட்டை ஓட்டுங்கள். எதுவும் சிவப்பாகவில்லை என்றால், இன்றைய நடத்தையைப் பதிவுசெய்யும் டெஸ்ட்டுகளை எழுதுவதே ஸ்பெக்கின் முதல் படியாக வேண்டும். மாறாத ஒரே கமிட்டில் ஒருமுறை தேறி மறுமுறை தவறும் டெஸ்ட்டுகளையும் அப்போதே சரிசெய்யுங்கள்.

கேள்வி: ரோல்பேக்குக்கு, அதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப, "கிட் ரிவர்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். சரியா?

பதில்: டேட்டாபேஸைத் தொடாத படிகளுக்குச் சரி, அதற்கும், ஒவ்வொரு படியும் தனியாக மெர்ஜ் ஆகும் அளவு சிறியதாக இருக்க வேண்டும். டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயர் மாறினால் ரிவர்ட் பழைய நிரலைத் திருப்பித் தருமே தவிர, பழைய நெடுவரிசையைத் தராது. புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, பழைய தரவை நகலெடுப்பது, வாசிப்பதைப் புதியதற்கு மாற்றுவது, கடைசியில் பழையதை நீக்குவது என்று வரிசை தெரிய வேண்டும். நீக்கும் படியை எப்போது, யார் அனுமதிப்பார் என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: இதையெல்லாம் யார் சரிபார்ப்பது?

பதில்: எழுதியவர் தவிர இரண்டு பேர், தனித்தனியாக. "இந்த வேலையில் சேராதது எது?" என்று இருவரும் எழுதித் தரட்டும். பதில்கள் வேறுபடும் இடங்களைத் திருத்திய பிறகு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.