சோலாரும் காற்றாலையும் இவ்வளவு வந்த பிறகும் இந்தியாவுக்கு நிலக்கரி தேவையா?

தேவை. ஆனால் எந்த நேரத்துக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இன்றைக்கு நம் சிக்கல் பகலில் இல்லை, பொழுது சாய்ந்த பிறகுதான்.

மதுரை கப்பலூரில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 2012-இல் பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. எங்கள் தொழிலில் கரண்ட் போனால் மெஷின் நிற்பதோடு முடியாது. மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயான பேரலுக்குள் உருகிக் கிடப்பது அப்படியே இறுகிவிடும். திரும்பச் சூடேற்றி, கருகியதை வெளியே தள்ளி, நல்ல பீஸ் விழுவதற்குள் அடுத்த கட் வந்துவிடும். அந்த வருடம் இரண்டு பையன்களை வேலையை விட்டு நிறுத்தினேன். இன்னும் உறுத்துகிறது.

அப்போது எங்களைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்தது காற்றுதான். வைகாசிக்கு மேல் ஆரல்வாய்மொழியிலும் கம்பம் பக்கமும் காற்று எழும்பினால் கட் குறையும். ஐப்பசியில் அது அடங்கினால் பழைய கதைதான். அப்புறம் 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சோலார் வந்தது. கருவேலம் மண்டிக் கிடந்த சீமையில் அத்தனை பேனல்களைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. ஆனால் வீட்டில் விளக்கும் ஏசியும் போடுகிற நேரத்தில் அது ஓய்ந்துவிடும்.

சரி, நிலக்கரிதான் பாதுகாப்பா? அதையும் முழுசாக நம்ப முடியாது. தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1,050 மெகாவாட். ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் கரி ரயிலில் பாரதீப்புக்குப் போய், கப்பலேறி இங்கே வர வேண்டும். 2021 அக்டோபரில் நாட்டின் பல நிலையங்களில் சில நாட்களுக்கான கரிதான் கையிருப்பில் இருந்தது. 2022 கோடையில் கரி ரயிலுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள். சோலாருக்கும் இதேபோல ஒரு பிடி வெளியே இருக்கிறது: பேனலுக்கான சிலிக்கான் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ஆனால் பேனலை ஒருமுறை வாங்கினால் இருபது வருடத்துக்கு மேல் ஓடும், கரியைத் தினமும் கொண்டுவர வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று, அனல் மின் நிலையமும் என் பேரல் மாதிரிதான். கொதிகலன் ஆறிவிட்டால் திரும்பச் சூடாக்கிக் கரண்ட் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் தேவை குறைந்த நேரத்திலும் அதை அணைக்காமல் வைத்துக்கொண்டு, நல்ல காற்று வீசும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் தமிழ்நாட்டில் உண்டு. சும்மா கிடைக்கிற காற்றை விட்டுவிட்டுக் கரியை எரிப்பது வேதனை. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, அனல் மின் நிலையங்கள் தங்கள் முழுத் திறனில் 55 சதவீதத்துக்கும், பிறகு படிப்படியாக 40 சதவீதத்துக்கும் இறங்கி ஓடப் பழக வேண்டும். கரிக்கும் காற்று, சோலாருக்கும் நடுவே சமநிலைக்கு முதல் படி இதுதான் என்பேன்.

இரண்டாவது, சேமிப்பு. ஆனைமலையில் காடம்பாறை நீர்மின் நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது, 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும்போது ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கலாம். நீலகிரியில் குந்தாவில் இதேபோல 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்திருக்கும் நமக்கு இந்த இரண்டு போதாது. காட்டுக்குள் புதிதாக அணை கட்டுவதை நானும் விரும்பவில்லை. இருக்கிற அணைகளை இணைத்துச் செய்யலாம், கமுதி மாதிரி இடங்களில் பக்கத்திலேயே பேட்டரி வைக்கலாம்.

கட்டிக்கொண்டிருக்கும் உடன்குடி அனல் மின் நிலையம், 1,320 மெகாவாட், முடியட்டும். இருக்கிற அனல் நிலையங்களை மூடச் சொல்ல மாட்டேன். 2012-ஐப் பார்த்தவனால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குமேல் புதிய கொதிகலனுக்குப் போடும் பணத்தை, மத்தியான வெயிலை ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுபோகும் வேலைக்குப் போடுங்கள் என்றுதான் கேட்பேன்.