கலைஞர் வதிவிடத் திட்டம் என்றால் என்ன? அதில் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு?

ஒரு கலைஞர் சில கிழமைகளோ சில மாதங்களோ ஓர் ஊரில் தங்கிப் படைப்பதுதான் வதிவிடத் திட்டம். தங்குமிடம், வேலை செய்ய இடம், பொருட்செலவு ஆகியவற்றைப் பெரும்பாலும் அழைப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். இளையோரோடு செய்யும்போது எதை வரைவது என்பதையும் அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யவேண்டும். தங்குவது இதற்காகத்தான்: முதல் நாளே எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பழக்குவது அவர், கூத்துக் களரியில் ஆடுவது ஊர்ப் பொடியள்.

பிள்ளைகளோடு செய்யும் வேலை திருகோணமலையில் ஒரு சுவரோவியம் என்றால், முதல் எதிரி உப்பு. கடற்கரைச் சுவரை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகே வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சு. காய்ந்த சுவரைத் தடவும்போது வெள்ளைத் தூள் கையில் ஒட்டினால் உள்ளிருந்து உப்புப் பூத்திருக்கலாம். உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுத்து இன்னும் சில நாள் பொறுங்கள்; அவசரப்பட்டால் பெயின்ட் கொப்புளித்து உரியும். ஒக்டோபர் மாரிக்கு முன் முடித்துவிடுங்கள். ஆனால் ஜூன், ஜூலை மதிய வெயிலில் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. பெயின்டும் பிரஷிலேயே இறுகிவிடும்.

பலர் நினைப்பதுபோல் வதிவிடத் திட்டம் இலவச சித்திர வகுப்பு அல்ல: கலைஞர் தன் சொந்தப் படைப்புக்காகவும் வருகிறார், அதற்கான நேரத்தையும் கொடுப்பனவையும் முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.