முறுமுறுத்தவர்கள் கையில் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,
பெரம்பூர் பக்கம் ஒரு சபையில் பல வருஷமாகச் செயலராக இருக்கிறேன். கரண்ட் பில் முதல் அறுப்பின் பண்டிகை ஏலம் வரை எல்லாம் என் தலையில்தான். இந்த வருஷம் கமிட்டிக்கு வந்த சில இளைஞர்கள், ‘எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கிறது’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். ஒரு பைசா எடுத்தவன் இல்லை நான். பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள சகோதரருக்கு,

இப்போது ராஜினாமா வேண்டாம். கோபத்தில் கொடுத்தால் உங்களுக்காக ஒரு கூட்டம் கிளம்பும். அப்புறம் அது உங்கள் பேச்சையும் கேட்காது.

உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் எழுதியதைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்: எல்லாம் உங்கள் தலையில்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். தங்கள் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று கிரேக்கு பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். ‘எங்களையா சந்தேகப்படுகிறீர்கள்?’ என்று அப்போஸ்தலர்கள் கேட்கவில்லை. பந்தி விசாரிக்கிற அந்த வேலைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நீங்களும் அந்தத் தம்பிகளில் ஒருவரைக் காணிக்கை எண்ண உட்கார வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய அறை) மேஜையில் பையைக் கவிழ்த்து, நோட்டை வகை பிரித்து, சில்லறையை அடுக்கி எண்ணி, புத்தகத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். உங்கள் கையெழுத்து அதில் வேண்டாம். எருசலேம் சபைக்குச் சேர்த்த பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லையே. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று (2 கொரிந்தியர் 8).

அறுப்பின் பண்டிகையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஏலத்தில் பூசணிக்காய் விலை போகாவிட்டாலும், பிரியாணி டோக்கன் குழம்பினாலும், கூப்பிட்டால் மட்டும் போங்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

இவ்வளவும் செய்தால் எதிர்ப்பு நின்றுவிடுமா? நிற்காது. எண்ணாகமம் 11இல் மோசே 70 மூப்பரோடு பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே சொந்த அக்காவும் அண்ணனும் அவருக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். மோசே தன் நியாயத்தை ஒரு வார்த்தை சொன்னதாக அங்கே இல்லை. அக்கா மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோதுதான் வாய் திறக்கிறார், அதுவும் அவளைக் குணமாக்கும்படி கெஞ்சுவதற்கு. ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். அவள் திரும்பச் சேரும்வரை ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை. எதிர்த்துப் பேசினவளுக்காக மொத்தப் பாளயமும் காத்திருந்தது! நம் சபைகளில் அப்படிக் காத்திருக்கிறோமா? வேறு சபைக்குப் போய்விட்டால் நிம்மதி என்றல்லவா நினைக்கிறோம்.

காத்திருப்பது நம் ஊருக்குப் புதிது இல்லை. செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. 28 வருஷம். மனசாட்சிப்படி ஒப்பாத ஆராதனை முறையையோ ஊழியரையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று உறுதியும் கொடுத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். யாராவது உங்களைத் திருடன் என்றே எழுதியிருந்தால், அதை ஆயரிடம் சொல்லுங்கள். அவதூறைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதவில்லை. கணக்கு கேட்பது அவதூறு ஆகாது, அவ்வளவுதான்.

குழுவில் பதில் போடாதீர்கள். அடுத்த கமிட்டிக்கு முன்னால், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் முதல்முறை பேசினால் இரண்டு பேருக்குமே இறங்கிவர முடியாமல் போய்விடும்.